கிரவல் கிடங்கு, மாலை ஆறு இருபது

மாப்பிள்ளை ரொறொன்ரோவிலிருந்து
ஒரு படம் அனுப்பியிருந்தான்.
சிவப்புப் பாறை, ஆழப் பிளவு,
விளிம்பில் ஒரு வெள்ளைக்காரச் சோடி,
அவர்களுக்குப் பின்னால் எரிந்து அடங்கும் சூரியன்.
கீழே ஒரு வரி:
"அக்கா, வன்னியில இப்பிடி ஒரு இடம் கிடைக்குமோ?"

வயல் இருக்கு, குளக்கட்டு இருக்கு,
கேணித் தாமரை இருக்கு என்று
எழுதத் தொடங்கி அழித்தேன்.
பாலைவனம் எங்களிடம் இல்லை.
பாலை இருக்கிறது.
ஆனி ஆடியில் பழுக்கும்.
தின்றால் உதடு ஒட்டும்.

அப்போதுதான் நினைவு வந்தது
ஒட்டுசுட்டானுக்கு இப்பால்
நிக்சன் கிரவல் வெட்டும் கிடங்கு.

பதினொரு மாதமாய்ப் பெக்கோவால்
காட்டின் விலாவைச் சுரண்டியிருந்தான்.
இருபதடிச் சுவர்.
உச்சியில் ஒரு சாண் கறுப்பு மண்,
அதிலிருந்து முதிரை வேர்கள்
பிடிக்க எதுவுமின்றி வெளியே நீண்டு.
பிறகு மஞ்சள். பிறகு செங்கல்.
அடியில் ஈரல் நிறம்.
வாளியின் பற்கள் இழுத்த கோடுகள்
மேலிருந்து கீழாய், நெருக்கமாய்.
கோடி வருஷம் தண்ணீர் அரித்தது என்றால்
ஆரும் நம்புவார்கள்.

ஐந்து மணிக்கு வெளிச்சம் இன்னும் வெள்ளை.
கச்சான் காற்று புழுதியை அள்ளி
பொம்பிளையின் முந்தானையில் தட்டியது.
தர்மினிகா,
புதுக்குடியிருப்பு வங்கியில் வேலை,
"இஞ்ச என்னத்தைக் கண்டு கூட்டிவந்தனீங்கள்?" என்றாள்.
வழியில் வாங்கிய பாலைப்பழம்
சாயம் பூசிய உதட்டை ஒட்டிவைத்ததால்
அதையும் பாதி வாயால்தான் கேட்டாள்.
எண்ணெய் வேண்டும். காட்டில் எண்ணெய்க்கு எங்கே போக?
நிக்சன் தன் சோற்றுப் பார்சலை அவிழ்த்து
பொரித்த பாரைத் துண்டை நீட்டினான்.
தொட்டுத் துடைத்தோம்.
மாப்பிள்ளை அந்தப் பக்கம் திரும்பிச் சிரித்தான்.

பெக்கோவைக் கற்குவியலுக்குப் பின்னால் ஒதுக்கச் சொன்னேன்.
இருவரையும் தூரத்து விளிம்பில் நிறுத்தினேன்.
மனிதர் சிறுத்தால்தான் மண் வளரும்.
நான் கீழே, முழங்காலில்,
அகல லென்ஸோடு.

ஆறு இருபது.
டிப்பர் இறங்கும் பாதை மேற்கே திறந்திருந்தது.
அந்த வழியாய், டிப்பரைப் போலவே,
வெளிச்சம் உள்ளே வந்தது.

சுவர் பற்றிக்கொண்டது.
பஞ்சுருட்டான் கைவிட்ட பொந்துகள்
ஒவ்வொன்றிலும் ஒரு கோப்பை இருட்டு.
அளவைச் சுவரில் எடுத்து
முகங்களைக் கறுக்க விட்டேன்.
(முகம் தெரியவேணும் என்று வீட்டார் கேட்பார்கள்.
அதற்கு வேறு நாலு படம் எடுத்தேன்.)
"சரியோ அக்கா?" என்று மேலிருந்து குரல்.
பதில் சொல்ல மறந்துபோனேன்.

ரொறொன்ரோவில் ஒருவரும் வன்னி என்று நம்பவில்லையாம்.
அவனுக்கு அது பெரிய சந்தோஷம்.
எனக்கு அது எங்கோ குத்தியது.

அடுத்த செவ்வாய் தனியே போனேன்,
ஆளில்லாமல் சுவரை மட்டும் எடுக்க.
சுவர் இல்லை.
அந்த இடத்தில் வெறும் வானம்,
சற்றுத் தள்ளி இன்னொரு சுவர்,
ஆனால் அது இல்லை.

"அதோ? அது மாங்குளம் றோட்டில கிடக்கு" என்றான் நிக்சன்,
தேத்தண்ணியை ஊதிக்கொண்டு.

போனேன்.
உருளை நசுக்கிப் போன கிரவல்,
தார் இன்னும் வரவில்லை.
நான் மோட்டார் சைக்கிளில்
மூன்று முறை அதன் மேலால் போயிருக்கிறேன்.
ஆறு பதினைந்து.
கமெராவை நிலத்தோடு வைத்துக்
குப்புறப் படுத்தேன்.

சாய்ந்த வெயிலில்
ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு நீண்ட நிழல்.
ஒரு சைக்கிள் தடம் பள்ளத்தாக்காய் ஓடியது.
அதன் விளிம்பில் ஓர் எறும்பு
நின்று, யோசித்து, இறங்கியது.
மஞ்சள், செங்கல், ஈரல்.
எல்லாம் இருந்தன, வரிசைதான் இல்லை.

ஏழாவது படத்தில் கோர்ன் அடித்தது.
டிப்பரிலிருந்து தலையை நீட்டினான்.
"எழும்புங்கோ அக்கா,
மேல இன்னொரு தட்டுப் போடவேணும்."